ஞாயிறு பைத்தான் வகுப்பு: நிபந்தனையில் நிதானம், மடக்கில் அவசரம்

திருப்பூரில், பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களை மனத்தில் கொண்டு நடத்தப்படும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தொடக்க வகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. கற்பிப்பது பைத்தான் என்ற கணினி நிரல்மொழி. சனிக்கிழமை சம்பள நாள். அன்று மாலை கணக்குப் பிரிவில் இருப்பவர் யாரும் தலை நிமிர முடியாது. மற்ற நாள்களில் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரை மணிக்கு வெளியே வருபவரிடம் மாலை வகுப்பு என்ற பேச்சே எடுபடாது. ஊரின் இந்தப் போக்கை அறிந்து ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என்று நேரம் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. காலம் இரண்டு மாதம், கட்டணம் 4,000 ரூபாய், அச்சிட்ட பாடக்குறிப்புக்குத் தனியாக 250 ரூபாய். ஒரு சுற்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுவனத்தின் மேல் முத்திரை குத்துவது முறையல்ல என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கணக்கர்களும், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களும். எக்செல் தாளில் மூழ்கிக் கிடக்கும் இவர்களுக்கு, அதே வேலையை ஒரு நிரல் (புரோகிராம்) செய்துவிடாதா என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. மீதிப் பேர் கல்லூரி மாணவர்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருப்பதால் அவர்களில் சிலர் மொழியை ஏற்கெனவே பார்த்தவர்கள். ஆனால் தேர்வுக்காகப் படித்ததைத் தவிரத் தாமாக ஒரு நிரலை எழுதி ஓட்டியவர்கள் குறைவு. இந்த இரு சாராரையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துவது எளிதல்ல. ஆசிரியர் அதைப் பெரும்பாலும் சமாளிக்கிறார்.

மாறிகள் (மதிப்புகளைப் பெயரிட்டு வைக்கும் இடங்கள்), உள்ளீடு, அச்சிடுதல் ஆகிய ஆரம்பப் பாடங்கள் எந்த வகுப்பிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம். தொடக்க வகுப்பு ஒன்றின் தரத்தை அறிய வேண்டுமானால் நிபந்தனையையும் (‘இப்படி இருந்தால் இதைச் செய்’), மடக்கையும் (லூப், ‘இதைத் திரும்பத் திரும்பச் செய்’) அங்கே எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அதுவரை மேலிருந்து கீழாக வரிசையாக ஓடிக்கொண்டிருந்த நிரல், இந்த இடத்தில்தான் சில வரிகளைத் தாண்டிச் செல்லவும் சில வரிகளுக்குத் திரும்பி வரவும் தொடங்குகிறது. வரிசை, தேர்வு (அதாவது நிபந்தனை), மீள்செயல் (அதாவது மடக்கு) ஆகிய மூன்றும் இருந்தால் எந்தக் கணிப்பையும் எழுதிவிடலாம் என்று போம், யாகோபினி என்ற இரு இத்தாலிய அறிஞர்கள் 1966-இல் காட்டினார்கள். முதலாவதைக் கற்க யாருக்கும் வகுப்பு தேவையில்லை. நாம் கட்டும் பணம் மற்ற இரண்டுக்கும்தான்.

நிபந்தனைப் பாடம் மிக நன்றாக இருக்கிறது. ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் முதல் எடுத்துக்காட்டு வீட்டு மின்கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படும் அளவில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் இஃப் (இப்படியானால்), எலிஃப் (இல்லை, இப்படியானால்), எலிஃப், எல்ஸ் (எதுவுமே இல்லையென்றால்) என்று ஒரே ஏணியாக எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் அவர் நிறுத்துகிறார். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை இல்லாமல் போய்விடும்; அதாவது 501-ஆவது யூனிட்டின் விலை மட்டும் கூடுவதில்லை, கீழே ஏற்கெனவே கணக்கிட்ட பகுதியின் விலையும் மாறுகிறது. எனவே முதலில் 500-க்குள்ளா வெளியிலா என்று கேட்க வேண்டும்; அந்தக் கேள்விக்குள் தனித்தனியாக இரண்டு ஏணிகள் இருக்க வேண்டும். நிபந்தனைக்குள் நிபந்தனை எதற்கு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. கேள்விகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதும் இதிலேயே புரிந்துவிடுகிறது: ஏணியின் முதல் படியில் 100-ஐவிடக் கூடுதலா என்று கேட்டுவிட்டால், 450 யூனிட் ஓடிய வீடும் அங்கேயே பிடிபட்டுவிடும், அடுத்த படிகளை நிரல் எட்டியும் பார்க்காது.

தட்டச்சு செய்வதற்கு முன்னால் தாளில் கட்டம் போடச் சொல்வது இந்த வகுப்பின் வழக்கம். இடப்பக்கம் சோதனைக்கான அளவுகள், மேலே ஒவ்வொரு நிபந்தனையும், நடுவில் உண்டா இல்லையா என்ற விடை. சோதனை அளவுகளை வாய்க்கு வந்தபடி தேர்ந்தெடுக்க விடுவதில்லை. 100, 101, 200, 201, 400, 401, 500, 501 என்று எல்லைகளின் இரு பக்கத்தையும் எழுதச் சொல்கிறார். இருபது பேர் குனிந்து கட்டம் நிரப்பும்போது கணினிகள் சும்மா இருக்கும். பொறுமை இல்லாத இளைஞர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் அந்த அரைமணி நேரம் வீண் அல்ல. கட்டத்தை முடித்தவர்களின் நிரல் பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே சரியான விடையைத் தந்தது. முடிக்காமல் நேரே விசைப்பலகைக்குப் போனவர்கள் தேநீர் இடைவேளையிலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு ஆயத்த ஆடைக்கான ஜிஎஸ்டி. ஊருக்கு ஏற்ற தேர்வுதான். ஆனால் அச்சிட்ட குறிப்பில், உருப்படி ஒன்றின் விலை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்ற பழைய விதியே இன்னும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லை 2,500 ரூபாயாக உயர்ந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதம் என்று மாறியது பனியன் கம்பெனிக் கணக்கர்கள் நிறைந்த அறையில் யாருக்குத் தெரியாது? ஆசிரியர் வாய்மொழியாகத் திருத்தினார். தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு தரும் குறிப்பில் இது இருக்கக் கூடாத குறை. ஆனாலும் அந்தத் தடுமாற்றத்தையே அவர் பாடமாக்கிக்கொண்டதைச் சொல்ல வேண்டும்: எல்லை விலையை நிபந்தனைக்குள் எண்ணாக எழுதாமல், நிரலின் தொடக்கத்தில் ஒரு மாறியில் வைத்துவிட்டால், அடுத்த முறை விதி மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும் என்று காட்டினார். அந்த மாறிக்கு ‘எல்லை_விலை’ என்று தமிழிலேயே பெயர் வைத்தார். பைத்தான் மூன்றாம் பதிப்பு இதை ஏற்றுக்கொள்ளும் என்பது பிளஸ் டூவில் படித்துவந்த மாணவர்களுக்கும் புதிய செய்தியாக இருந்தது.

மின்கட்டணத்தையும் வரியையும் அடுத்தடுத்து வைத்ததில் இன்னொரு பயனும் உண்டு. மின்கட்டணத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விலை. மேல் படிக்குப் போனாலும் கீழ்ப் படியின் தொகையைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வரியில் அப்படியில்லை, எல்லையைத் தாண்டிய ஆடையின் முழு விலைக்கும் 18 சதவீதம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரியான இஃப் ஏணிதான். உள்ளே இருக்கும் கணக்கு வேறு. சரியாக 2,500 ரூபாய் விலையுள்ள சட்டை எந்தப் பக்கம் விழும் என்று கேட்டபோது, ‘<’ (குறைவு) குறிக்கும் ‘<=’ (குறைவு அல்லது சமம்) குறிக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் மறக்காதபடி பதிந்தது. ஒரு ரூபாய்கூட வேறுபடாத அந்தச் சட்டைக்கு 5 சதவீதமா 18 சதவீதமா என்பதை அந்த ஒரு குறிதான் தீர்மானிக்கிறது.

சிறு சிறு பொறிகளையும் விடாமல் தொட்டார். ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி, மதிப்பை வைப்பதற்கு ஒன்று. இதைக் குழப்பினால் பைத்தான் நிபந்தனை வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும், சி மொழியாக இருந்தால் சத்தமில்லாமல் ஓடித் தவறான விடை தரும் என்று ஒப்பிட்டுச் சொன்னார். விசைப்பலகையில் இருந்து வாங்கும் எதுவும் எழுத்துத் தொடராகவே வரும் என்பதற்கு அவர் எடுத்தது பனியன் அளவு. ‘95’, ‘100’ என்ற இரண்டையும் எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால், முதல் எழுத்தான 9 முதல் எழுத்தான 1-ஐவிடப் பெரியது என்பதால் 95-தான் பெரிய அளவு என்று நிரல் சாதிக்கும். “ஏனுங்க சார், சரியாத்தானுங்க அடிச்சிருக்கேன், இது எப்படிங்க தொண்ணூத்தஞ்சு பெருசாகும்?” என்று செக்கிங் பிரிவில் இருந்து வந்திருந்த ஒருவர் கேட்டதற்கு, அறையே விடை தேடியது.

இவ்வளவு நிதானமாக நடந்த வகுப்பு, மடக்குக்கு வந்ததும் வேறொன்றாக மாறிவிடுகிறது. தாளில் கட்டம் போடும் வழக்கத்தை ஆசிரியர் அந்த வாரத்தோடு கைவிட்டுவிட்டார். கேட்டால், பாடப்பகுதி முடிய வேண்டும், நேரம் போதாது என்பது விடை. என் பார்வையில் இந்த வகுப்பின் பெரிய பிழை இதுதான். நிபந்தனையில் ஒரு வரி ஓடும் அல்லது ஓடாது. கட்டம் போடாவிட்டாலும் கூர்ந்து படித்துக் கண்டுபிடித்துவிடலாம். மடக்கில் ஒரே வரி ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு மதிப்போடு ஓடுகிறது. எழுத்தில் ஒன்றாகத் தெரிவது ஓட்டத்தில் ஆறாகவும் அறுபதாகவும் இருக்கிறது. கட்டம் உண்மையில் தேவைப்படும் இடம் அதுவே.

ஒரு தொடரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை ஓடும் ஃபார் மடக்குக்கும் அவர் பனியன் அளவுகளையே எடுத்தார்: 75 முதல் 100 வரை ஐந்தைந்தாக அச்சிட வேண்டும். எண் தொடரைத் தரும் ரேஞ்ச் என்பதற்குள் 75, 100, 5 (தொடக்கம், முடிவு, இடைவெளி) என்று கொடுத்தால் 95-உடன் நின்றுவிடுகிறது; 100 வருவதில்லை. “கண்ணு, கடைசி எண்ணோட ஒண்ணு கூட்டிப் போடு, வந்துரும்” என்று முன்வரிசைப் பையனிடம் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். 101 என்று போட்டால் வரத்தான் செய்கிறது. ஆனால் ஏன் அப்படி வைத்தார்கள் என்ற கேள்வி அந்தரத்தில் நின்றது. தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்குவது தற்செயலான விதி அல்ல. ஒவ்வொன்றாக ஏறும் தொடரில், முடிவில் இருந்து தொடக்கத்தைக் கழித்தால் எண்ணிக்கை அப்படியே கிடைக்கும். ஒரு தொடர் முடிந்த எண்ணிலேயே அடுத்த தொடர் தொடங்கும், இடையில் எதுவும் விடுபடாது, இரண்டு முறை வராது. நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய சிறு குறிப்பு ஒன்றில் இந்த முறைதான் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று காரணத்தோடு வாதிட்டிருக்கிறார். டெய்க்ஸ்ட்ராவின் பெயரைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காரணத்தையாவது ஆசிரியர் சொல்லியிருக்கலாம். காரணம் தெரியாமல் ஒன்றைக் கூட்டப் பழகியவர், அடுத்த வாரம் பட்டியலின் உறுப்புகளை எண்ணும்போதும் அதே ஒன்றைக் கூட்டி, இல்லாத உறுப்பைத் தேடி நிரலை முறித்தார்.

ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடும் வைல் மடக்கின் நிலை இன்னும் மோசம். பின்னலாடைத் துணியைக் கிலோ கணக்கில் வாங்கும் ஊர் என்பதால், ஒரு கிலோ துணியில் இருந்து 100 கிராம் வீதம் எடுத்துக்கொண்டே வந்து தீர்ந்ததும் நிறுத்தச் சொல்லும் பயிற்சி தரப்பட்டது. பெரும்பாலானோர் எடையை 1.0 என்று வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் 0.1 கழித்து, எடை சுழியம் ஆகாதவரை ஓடு என்று எழுதினார்கள். மொழியின்படி எந்தப் பிழையும் இல்லை. ஆனால் நிரல் நிற்கவில்லை. திரைகளில் எண்கள் சரசரவென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தன. கண்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தி நிறுத்தச் சொன்னார்களே தவிர, என்ன நடந்தது என்ற விளக்கம் வரவில்லை. பத்தில் ஒன்று என்ற பின்னத்தைக் கணினி 0, 1 மட்டுமே கொண்ட தன் இரும எண் முறையில் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. பத்து முறை கழித்த பிறகு எஞ்சுவது சுழியம் அல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு மீதி. அடுத்த சுற்றில் அது எதிர்மமாகிவிடும், பிறகு சுழியத்தைச் சந்திக்கவே சந்திக்காது. சுழியத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஓடு என்று மாற்றினால் நிற்கும். ஆனால் பத்துச் சுற்றுக்குப் பதிலாகப் பதினொரு சுற்று ஓடியிருக்கும். கிராமுக்கு மாற்றி 1,000-இல் இருந்து 100 வீதம் கழிப்பதே சரியான வழி. கட்டம் போட்டுத் திரையோடு ஒப்பிட்டிருந்தால், மூன்றாவது சுற்றிலேயே வாலாக நீளும் தசமங்களைப் பார்த்து மாணவர்களே கேட்டிருப்பார்கள்.

மடக்குக்குள் மடக்குக்கு ஒதுக்கப்பட்டது மூன்றாம் மணியின் பிற்பாதி மட்டும். நான்கு நிறம், ஆறு அளவு, மொத்தம் 24 வரிகளில் ஒரு பேக்கிங் பட்டியல். அதோடு ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை உருப்படி என்ற கூட்டுத்தொகை. இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருக்க முடியாது, இதைவிட அவசரமாக நடத்தவும் முடியாது. கூட்டுத்தொகையைச் சுழியமாக்கும் வரி எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் பலரும் சிக்கினார்கள். அளவுகளுக்கான உள் மடக்கில் வைத்தால் ஒவ்வொரு அளவுக்கும் தொகை அழிந்து, கடைசி அளவின் எண்ணிக்கை மட்டும் மிஞ்சும்; இரண்டு மடக்குக்கும் வெளியே வைத்தால் சிவப்பின் தொகை நீலத்தோடு சேர்ந்துவிடும்; வெளி மடக்குக்கு உள்ளே, உள் மடக்குக்கு முன்னால் வைத்தால்தான் சரி. பைத்தானில் இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு வரியின் இடமும் அதன் முன்னால் விடும் நான்கு நான்கு இடைவெளிகளும் மட்டுமே. மடக்கைப் பாதியில் நிறுத்தும் பிரேக் கட்டளையை உள் மடக்கில் வைத்தால் அதை விட்டு மட்டுமே வெளியேறும், வெளி மடக்கு தொடர்ந்து ஓடும் என்பதை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். அச்சிட்ட குறிப்பில் அதுவும் இல்லை.

இத்தனைக்கும் தேவையான கருவி ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்பட்டிருக்கிறது. எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காகவே உருவாக்கப்பட்ட தானி என்ற இலவச மென்பொருளைத்தான் வகுப்பில் பயன்படுத்துகிறார்கள். அதில் மாறிகளைக் காட்டும் பலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நிரலை ஒவ்வொரு படியாக ஓட்டினால், எந்தச் சுற்றில் எந்த மாறி என்ன மதிப்புக்கு மாறுகிறது என்பது கண்முன் தெரியும். தாளில் போட வேண்டிய கட்டத்தை மென்பொருளே போட்டுக் காட்டுகிறது என்று சொல்லலாம். கற்றுத்தரப் பத்து நிமிடம் போதும். வகுப்பிலோ எஃப் 5 விசையை அழுத்தி ஓட்டுவதற்கு மேல் அந்த மென்பொருளில் எதையும் தொடவில்லை. நேரம் போதவில்லை என்ற காரணத்தை இதற்குச் சொல்ல முடியாது.

மற்ற வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவருக்கு ஒரு கணினி, குளிர்சாதனம் உண்டு, இருசக்கர வாகனம் நிறுத்த இடம் போதாது. உதவி ஆசிரியர் ஒருவர் வரிசை வரிசையாக வந்து பார்க்கிறார். ஆனால் பிழையை மாணவரே கண்டுபிடிக்க விடாமல், விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் திருத்திவிட்டுப் போகும் பழக்கம் அவருக்கு உண்டு. தேநீரோடு தரும் தேங்காய் பன் நன்றாக இருக்கிறது. மதிப்பீட்டில் அதற்கு இடமில்லை என்றாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

நிரல் எழுதுவதையே அறியாத, எக்செலில் இஃப் சூத்திரம் வரை வந்துவிட்ட கணக்கருக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிபந்தனைப் பாடத்துக்காக மட்டுமே 4,000 ரூபாய் தகும். பிளஸ் டூவில் பைத்தான் படித்து, மடக்கில் தடுமாறியதால் இங்கே வரும் மாணவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவர் தடுமாறிய இடத்தில்தான் வகுப்பும் அவசரமாக ஓடுகிறது. அவருக்குத் தானி மென்பொருளும், தன் கையால் கட்டம் போட்ட ஒரு நோட்டும், சம்பளப் பட்டியல் போன்ற ஒரு பயிற்சியும் போதும். ஓவர்லாக், பேட்லாக், கைமடி, அயர்னிங் என்று பனியன் கம்பெனியின் ஒவ்வொரு வேலைப் பிரிவுக்கும் ஒரு ஷிப்டு விலை, ஆளுக்கு ஒரு வரி, முன்பணப் பிடித்தம் சம்பளத்தைத் தாண்டினால் மீதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளும் நிபந்தனை என்று எழுதத் தொடங்கினால், மேலே சொன்ன எல்லாப் பொறிகளும் அதில் வந்துவிடும்.

சேரத் தீர்மானித்தவர்களுக்கு ஒரு தகவல். ஒரு சுற்று முடித்தவர்கள், இடம் இருந்தால், அடுத்த சுற்றில் எந்த வாரத்திலும் கட்டணமின்றி மறுபடி உட்காரலாம் என்ற சலுகை இருக்கிறது. விளம்பரத்தில் இது இல்லை. அலுவலகத்தில் கேட்டால்தான் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தொலைபேசியில் பெயர் கொடுத்துவிட வேண்டும்; அடுத்த சுற்றின் மடக்கு வாரத்துக்கு எங்கள் வகுப்பில் பலர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.